பழைய கணினிக்கு ரேம், ப்ராசஸர்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

பழைய வண்ணாரப்பேட்டையில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. அதிலேயே ஒரு மேசை போட்டுக் கணினியும் சரிபார்த்துக் கொடுக்கிறேன். எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் பில் போடும் கணினி, காசிமேட்டில் பிள்ளைகள் படிக்க வாங்கிய செகண்ட் ஹேண்ட் கணினி, கொருக்குப்பேட்டையில் தேர்வு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவரின் கணினி என்று வருவதெல்லாம் பத்துப் பதினைந்து வயதானவை. கொண்டு வருகிறவர் கையில் பல நேரம் ஒரு பொட்டலமும் இருக்கும். "அண்ணா, ரிச்சி தெருவுல எட்டு ஜிபி ரேம் வாங்கினு வந்துட்டேன், மாட்டிக் குடுங்க" என்பார்கள். பிரித்துப் பார்த்தால் அது அந்த மதர்போர்டுக்கு, அதாவது எல்லாப் பாகமும் மாட்டும் பெரிய பலகைக்கு, சேராத ரேமாக இருக்கும். அதைச் சொல்லும்போது எனக்கு மனசே கேட்காது. அந்தக் காசு அவர்கள் வீட்டில் எத்தனை நாள் சேர்த்ததோ.

அதனால் எதையும் வாங்கும் முன் மதர்போர்டின் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் 'மெயின்போர்டு' பக்கத்தில் அது தெரியும். கணினி ஓடவே இல்லையென்றால் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். போர்டின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்.

எங்கள் பக்கத்து வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது இன்டெல் சிப்செட் (மதர்போர்டின் பாகங்களை இணைக்கும் சில்லு) நான்கு வகை. டிடிஆர்2, டிடிஆர்3 என்பவை ரேமின் தலைமுறைகள். ஜி31 என்றால் டிடிஆர்2 ரேம், 4 ஜிபிக்கு மேல் ஏறாது. ஜி41 என்றால் 8 ஜிபி வரை. சில போர்டுகள் டிடிஆர்2, சில டிடிஆர்3. எச்61, எச்81 இரண்டும் டிடிஆர்3, ரேம் மாட்டும் இரண்டு ஸ்லாட்டிலும் சேர்த்து 16 ஜிபி வரை. இது சிப்செட்டின் எல்லை. போர்டு தயாரித்தவர் அதற்கும் குறைவாக வைத்திருக்கலாம், ஆகவே அந்த மாடல் எண்ணைப் போட்டு அவர்களுடைய தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி உங்கள் கணினி என்ன செய்கிறது என்பதைப் பொறுத்துக் கீழே போங்கள்.

கணினி மெதுவாக ஓடுகிறது. என்ன மாற்றுவது?

முதலில் காசு செலவாகாத சோதனை. கணினி திணறும் அதே நேரத்தில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். விண்டோஸ் 10-இல் சிபியு (ப்ராசஸர்), மெமரி (ரேம்), டிஸ்க் என்று மூன்று சதவீதம் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்துகொண்டே இரண்டு நிமிடம் அதைப் பாருங்கள்.

டிஸ்க் 100-லேயே நிற்கிறது, மெமரி பாதிதான் என்றால் ரேமும் வேண்டாம், ப்ராசஸரும் வேண்டாம். பழைய ஹார்ட் டிஸ்க்தான் மூச்சு வாங்குகிறது. அதை எடுத்துவிட்டு அதே சாட்டா கம்பியில் மாட்டும் ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போடுங்கள். ஜி41, எச்61 போர்டுகளில் சாட்டா வேகம் நொடிக்கு 3 ஜிகாபிட்தான். எஸ்எஸ்டி அதன் முழு வேகத்தில் ஓடாது. பரவாயில்லை. அப்படியிருந்தும் விண்டோஸ் திறக்கும் நேரம் கண்கூடாகக் குறையும். என் கடைக்கு 'ப்ராசஸர் மாத்தணும்' என்று வந்த கணினிகளில் எஸ்எஸ்டியோடு வேலை முடிந்தவை நிறைய.

மெமரி 85, 90 சதவீதத்தைத் தொட்டு, கூடவே டிஸ்க்கும் 100-க்கு ஏறுகிறதா? இங்கே ரேம்தான் போதவில்லை. ரேமில் இடமில்லாததை விண்டோஸ் ஹார்ட் டிஸ்கில் எழுதி வைத்து எழுதி வைத்து எடுக்கிறது. பிரவுசரில் பத்து டேப் திறந்து வைப்பவர்களுக்கு 4 ஜிபி போதாது. 8 ஜிபி ஆக்குங்கள். விண்ணப்பம், பில், வீடியோ வகுப்பு என்ற அளவுக்கு அது போதும். எச்61-இல் 16 ஏறும்தான், ஆனால் 8-ஐயே நிரப்பாத வீட்டுக்கு 16 போட்டு ஒரு பயனும் இல்லை.

சிபியு மட்டும் 100, மற்ற இரண்டும் சும்மா இருக்கின்றன என்றால் ப்ராசஸரைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன் எந்த நிரல் அப்படித் தின்கிறது என்று கீழே உள்ள பட்டியலில் பாருங்கள். பழைய ஆன்டிவைரஸ் ஒன்றுக்கு இரண்டாக இருக்கும். ஒன்றை நீக்கினாலே இறங்கிவிடும். சூடு ஏறினாலும் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆகவே ஃபேனில் அடைத்த தூசியைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

ரேம் போட்டேன், முழுசாகக் காட்டவில்லை

"நாலு ஜிபி போட்டேன், மூணே கால்தான் காட்டுது" என்று வருவதுதான் அதிகம். 'மை கம்ப்யூட்டர்' மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ் பாருங்கள். 32 பிட் என்று இருந்தால் காரணம் அதுதான். 32 பிட் விண்டோஸ் மொத்தம் 4 ஜிபி முகவரிக்குள்ளேதான் எல்லாவற்றையும் அடக்கும். கிராஃபிக்ஸ் முதலான உள் பாகங்களுக்கு அதிலேயே இடம் ஒதுக்கிய பிறகு மீதி 3.25 போலத்தான் நிற்கும். எட்டு ஜிபி போட்டாலும் அதே 3.25-தான். ரேமில் பழுதில்லை. விற்ற கடைக்காரரும் ஏமாற்றவில்லை.

தீர்வு 64 பிட் விண்டோஸ். கோர் 2 டுவோ காலத்து ப்ராசஸர்களிலிருந்து ஏறக்குறைய எல்லாமே 64 பிட்டைத் தாங்கும். ஆனால் 32-இலிருந்து 64-க்கு அப்படியே மேலேற்ற முடியாது, புதிதாக நிறுவ வேண்டும். கோப்புகளை வேறு டிஸ்கில் எடுத்து வைக்காமல் அந்த வேலையைத் தொடாதீர்கள். கல்யாண ஃபோட்டோ போய்விட்டது என்று அழுதுகொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

64 பிட்டாகவே இருந்தும் குறைகிறதா? கீழே உள்ளதை இதே வரிசையில் பாருங்கள்.

விண்டோஸ் பதிப்புக்கே எல்லை உண்டு. விண்டோஸ் 7 ஹோம் பேசிக் 64 பிட்டில் 8 ஜிபி, ஹோம் பிரீமியத்தில் 16 ஜிபி மட்டும். அடுத்து, ரன் பெட்டியில் 'எம்எஸ்கான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் அடித்து, பூட் பக்கத்தில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் திறங்கள். 'மேக்ஸிமம் மெமரி' கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். வேகம் கூடும் என்று யாரோ சொன்ன வீடியோவைப் பார்த்து அந்த டிக்கைப் போட்டவர்கள் உண்டு. அப்புறம் பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அமைப்பு நிரல். ஜி41 காலத்து போர்டுகளில் 'மெமரி ரீமேப்' என்று ஒரு வரி இருந்தால் அதை எனேபிள் செய்யுங்கள்.

இவ்வளவும் பார்த்தாகிவிட்டது, ஒரு ரேம் குச்சி கணக்கிலேயே வரவில்லை என்றால் கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுங்கள். கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு ரேமை எடுங்கள். ஒவ்வொரு குச்சியையும் தனியாக, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். எந்த ஸ்லாட்டில் போட்டாலும் அதே குச்சிதான் வரவில்லையென்றால் ரேம் கெட்டது. எந்தக் குச்சியைப் போட்டாலும் அதே ஸ்லாட்தான் மறுக்கிறதென்றால் ஸ்லாட்டிலோ அதற்குப் பின்னாலோ கோளாறு.

எச்61, எச்81-இல் ஸ்லாட் மறுத்தால் இன்னொரு சந்தேகமும் வர வேண்டும். இவற்றில் ரேமைக் கவனிக்கும் பகுதி ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது. ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தாலோ, ப்ராசஸரைக் குளிர்விக்கும் கூலரின் ஒரு மூலை மட்டும் அதிகமாக இறுகியிருந்தாலோ ஒரு ஸ்லாட் முழுக்கக் காணாமல் போகும். கூலரைத் தளர்த்தி நான்கு மூலையும் சமமாக மாட்டிப் பாருங்கள். பின் வளைந்திருந்தால் நீங்கள் நிமிர்த்த வேண்டாம். மயிரிழை தடிமன்தான் அது. ஒடிந்தால் போர்டே போய்விடும். பூதக்கண்ணாடி வைத்து வேலை செய்யும் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

புது ரேம் போட்டதும் திரையே வரவில்லை, பீப் பீப் என்கிறது

பதறாதீர்கள். புது ரேமை எடுத்துவிட்டுப் பழையதை மட்டும் போட்டால் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் போர்டு நன்றாக இருக்கிறது.

பழையதைப் போட்டாலும் வரவில்லையென்றால் ரேமின் தங்க நிற முனைகளைப் பாருங்கள். திருவொற்றியூர், காசிமேடு, ராயபுரம் என்று கடலை ஒட்டிய வீடுகளில் இதுதான் பெரிய காரணம். உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து முனையில் மங்கலான படிவு உண்டாக்கும். வருஷக்கணக்கில் அசையாமல் இருந்த ரேம் நாம் ஒருமுறை எடுத்துப் போட்டதும் தொடர்பு விட்டுப்போகிறது. வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள், ரப்பர் தூளை ஊதிவிடாமல் உலர்ந்த துணியால் துடையுங்கள். ஊதினால் எச்சில் ஈரம் படும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் கிடைத்தால் ரப்பரை விட அது நல்லது. ஸ்லாட்டை உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள். இரண்டு பக்கக் கிளிப்பும் 'டக்' என்று விழும்வரை ரேமை அழுத்துங்கள். பயந்துகொண்டு பாதி அழுத்தி விடுகிறவர்கள் அதிகம்.

பழையது ஓடுகிறது, புதியது மட்டும் மறுக்கிறது என்றால் அது தப்பான ரேம். எப்படித் தப்பு என்று தெரிந்தால்தான் கடையில் மாற்றிக் கேட்க முடியும்.

டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் நீளம் ஒன்று, நடுவில் உள்ள வெட்டு மட்டும் சற்றுத் தள்ளியிருக்கும். உட்காரவில்லையென்றால் வேறு வகை. ஒருபோதும் பலம் கொடுத்து இறக்காதீர்கள்.

டிடிஆர்2-இல் ஒரே குச்சியாக 4 ஜிபி, அதுவும் மலிவாகக் கிடைத்தால் எச்சரிக்கை. அவற்றில் பல ஏஎம்டி போர்டுகளில் மட்டும் ஓடும்படி செய்தவை. இன்டெல் ஜி41-இல் ஓடாது.

டிடிஆர்3 ஜி41 போர்டில் இன்னொரு சிக்கல். என்னிடம் வரும் தகராறுகளில் இதுதான் முதலிடம். ஒரு 4 ஜிபி குச்சியில் இரண்டு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு சில்லு இருந்தால்தான் இந்த போர்டு ஏற்கும். ஒரு பக்கம் மட்டும் எட்டுச் சில்லு உள்ள 4 ஜிபி குச்சியை ஏற்காது, ஏனென்றால் ஒவ்வொரு சில்லும் அதற்குப் புரியாத அளவு பெரியது. கடையில் சோதிக்கும் புதிய போர்டில் அதே குச்சி ஓடும். "எங்க போர்டுல ஓடுதே" என்று கடைக்காரரும், "என்னுதுல ஓடலையே" என்று வாங்கியவரும் மல்லுக்கு நிற்பார்கள். இருவர் சொல்வதும் உண்மை. வாங்கும்போதே குச்சியைக் கையில் எடுத்துச் சில்லை எண்ணிப் பாருங்கள். எச்61, எச்81-க்கும் இதே மாதிரி ஓர் எல்லை உண்டு. ஒரே குச்சியில் 16 ஜிபி டிடிஆர்3 போட்டால் ஓடாது, எட்டும் எட்டுமாகத்தான் போட வேண்டும்.

சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ரேமும் மலிவாக வரும். வீட்டுக் கணினியில் அது ஓடவே ஓடாது. ஸ்டிக்கரில் 'பிசி3-10600ஆர்' மாதிரி எண்ணின் முடிவில் 'ஆர்' என்றோ, 'ரெஜ்' என்றோ ஆங்கிலத்தில் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

ரேம் போட்ட பிறகு நடுநடுவே நீலத்திரை

பழைய ரேமும் புதிய ரேமும் ஒத்துப்போகவில்லை, அல்லது ஒன்று பழுது. விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது. ராத்திரி ஓடவிட்டுத் தூங்குங்கள். பிழை காட்டினால் ஒவ்வொரு குச்சியாகத் தனித்தனியே ஓட்டி எது என்று பிரியுங்கள். தனித்தனியே நன்றாக ஓடி, சேர்ந்தால் மட்டும் தகராறு என்றால் ஒரே வகையில் இரண்டு குச்சி வாங்குவதுதான் வழி.

ப்ராசஸர் மாற்றினேன், ஃபேன் சுற்றுகிறது, திரை இல்லை

முதலில் மதர்போர்டின் மூலையில், ப்ராசஸருக்குப் பக்கத்தில் உள்ள நாலு பின் மஞ்சள் கறுப்புக் கம்பியைப் பாருங்கள். கூலரை மாட்டும்போது இதைக் கழற்றிவிட்டுத் திருப்பிச் செருக மறப்பது எனக்குத் தெரிந்து வழக்கமான தவறு. அது இல்லாமல் எல்லா ஃபேனும் சுற்றும், ப்ராசஸருக்கு மட்டும் மின்சாரம் போகாது.

அடுத்து, காசு போலிருக்கும் சிஆர்2032 பேட்டரியை எடுத்து ஐந்து நிமிடம் வைத்திருந்து போடுங்கள். பழைய பயாஸ் அமைப்பு அழிந்து புதிதாகத் தொடங்கும். அந்த பேட்டரியே பத்து வயது என்றால் இப்போதே புதிது போட்டுவிடுங்கள்.

இரண்டும் உதவவில்லையென்றால் பயாஸ் அந்த ப்ராசஸரை அறியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். எச்61 போர்டுகள் இரண்டாம் தலைமுறை ப்ராசஸர் காலத்தில் வந்தவை. ஐ5-3470, ஐ7-3770 மாதிரி மூன்றாம் தலைமுறை போட்டால் பல போர்டுகளுக்கு பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். எச்81-இல் ஐ5-4590 மாதிரி பிறகு வந்தவற்றுக்கும் அப்படியே. இதில் முக்கியம்: பழைய ப்ராசஸரை மாட்டி வைத்துக்கொண்டே புதுப்பிக்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், புதிய ப்ராசஸர் வீட்டில் ஓடும்வரை பழையதை விற்றுவிடாதீர்கள். புதுப்பிக்கும்போது கரண்ட் போனால் போர்டு செத்துவிடும். யுபிஎஸ் இல்லாத வீட்டில், அதுவும் கோடை மதியத்தில், அந்த வேலை வேண்டாம். உங்கள் போர்டின் ரெவிஷன் எண்ணுக்குரிய கோப்பை மட்டும் எடுக்க வேண்டும். இதில் துளி தயக்கம் இருந்தாலும் கடைக்குக் கொடுங்கள். இங்கே கடைக்குப் போவதில் எந்தக் குறையும் இல்லை.

சாக்கெட்டே வேறாக இருந்தால் எந்த பயாஸும் உதவாது. எச்61-க்கு எல்ஜிஏ 1155, எச்81-க்கு 1150. பார்க்க ஒன்றுபோல இருக்கும், வெட்டு வேறு. 'ஐ5' என்று மட்டும் சொல்லி வாங்கினால் இங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். ஐ5-க்குப் பின்னால் வரும் நாலு இலக்கம்தான் தலைமுறையைச் சொல்லும்: 2-இல் தொடங்கினால் இரண்டாவது, 3 என்றால் மூன்றாவது, 4 என்றால் நான்காவது.

எல்லாம் பொருந்தியும் திரை வரவில்லை, போட்டது ஜியான் இ3-1230 வி2 (இன்டெல்லின் சர்வர் வகை ப்ராசஸர்) என்றால் அதற்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. ஐ7-க்கு நிகர் என்று சொல்லிக் குறைந்த விலைக்கு விற்பார்கள். வேகமும் அப்படித்தான் இருக்கும், பொய்யில்லை. ஆனால் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் மதர்போர்டின் விஜிஏ பின்னில் படம் வராது.

ஜி31, ஜி41 வைத்திருப்பவர்களுக்கு: போர்டு தயாரித்தவரின் ப்ராசஸர் பட்டியலைப் பார்க்காமல் கோர் 2 க்வாட் வாங்காதீர்கள். க்யூ6600 போன்றவை 95 அல்லது 105 வாட் இழுக்கும். மலிவான ஜி31 போர்டுகள் சில 65 வாட் ப்ராசஸரோடு நின்றுவிடும். கோர் 2 டுவோ இ8400 65 வாட்தான், அதுவும் பட்டியலில் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ப்ராசஸர் மாற்றியபின் பத்து நிமிடத்தில் அணைந்துவிடுகிறது

சூடு. கூலர் சரியாக உட்காரவில்லை. இன்டெல்லின் வட்டக் கூலருக்கு நாலு பிளாஸ்டிக் ஆணி உண்டு. எதிரெதிர் மூலையாக அழுத்த வேண்டும், ஒவ்வொன்றும் 'டிக்' என்று சத்தம் தர வேண்டும். பழைய பிளாஸ்டிக் இற்றுப்போய் ஒன்று உடைந்தாலும் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே உள்ள பழைய தெர்மல் பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிதாக வையுங்கள். பழையதன் மேலேயே பூச வேண்டாம்.

சிபியு-இசட் செய்தவர்களின் எச்டபிள்யூமானிட்டரில் வெப்பத்தைப் பாருங்கள். மே மாத வண்ணாரப்பேட்டையில், ஏசி இல்லாத அறையில், முழு வேலையில் 80 டிகிரி வந்தால் நான் விட்டுவிடுவேன். 90-ஐத் தாண்டினால் நிறுத்திவிட்டுக் கூலரைக் கழற்றுங்கள்.

வெப்பம் சரியாக இருந்தும் அணைகிறது, குறிப்பாக வேலை கூடும்போது அணைகிறது என்றால் எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி. கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரில் 450 வாட் என்று எழுதியிருந்தாலும் பத்து வருஷத்துக்குப் பிறகு அது அவ்வளவு தராது. 65 வாட் ப்ராசஸரிலிருந்து 95 வாட்டுக்குப் போனவர்களுக்கு இது அடிக்கடி வரும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர் உயிரோடு இருக்கும். வேறொரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்க்கக் கடைக்குக் கொண்டு போங்கள்.

எல்லாம் மாற்றியும் விண்டோஸ் 11 ஏறவில்லை

ஏறாது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வ ஆதரவு. குறுக்கு வழியில் நிறுவினாலும் 24எச்2 பதிப்பு கோர் 2 ப்ராசஸர்களில் தொடங்கவே தொடங்காது. அதற்கு வேண்டிய கட்டளைகள் அந்தச் சில்லில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. எச்61-இலும் எச்81-இலும் இதற்காக ப்ராசஸர் வாங்குவது வீண். லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டால் 4 ஜிபியிலேயே பிரவுசர், தமிழ்த் தட்டச்சு, பிடிஎஃப் எல்லாம் ஓடும். ஜி31 வைத்திருந்த ஒரு தையல்கார அம்மாவுக்கு அப்படித்தான் போட்டுக் கொடுத்தேன். பேத்தி அதில்தான் படிக்கிறாள். பில்லிங் மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடும் கடைக்காரர்களுக்கு இந்த வழி இல்லை. அவர்கள் ரேம், ப்ராசஸருக்கு வைத்திருக்கும் காசைச் சேர்த்து எட்டாம் தலைமுறை செகண்ட் ஹேண்ட் கணினி ஒன்றை வாங்குவது மேல்.

கணினி தண்ணீரில் நின்றது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தரையில் வைத்திருந்த கேபினெட்டுகள் பல நனைந்தன. எண்ணூர்ப் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் கலந்து வந்தது. அப்போது காயவைத்து ஓட்டிய கணினிகள் சில இன்றும் என்னிடம் வருகின்றன, ஒரு ஸ்லாட் மட்டும் ரேமை எடுக்காமல். ஸ்லாட்டுக்குள் பச்சை நிறத்தில் களிம்பு தெரிந்தால் அந்த போர்டுக்கு ரேமோ ப்ராசஸரோ வாங்காதீர்கள். ஓடும்வரை ஒற்றை ஸ்லாட்டில் ஓட்டுங்கள், ஹார்ட் டிஸ்கில் உள்ளதை இந்த வாரமே வெளியே எடுத்து வையுங்கள்.